படிக்கிற வயசு

"வயசு போட்டுது, இனி எங்கை படிக்கிறது?" இந்த வசனத்தைக் கேட்காத தமிழ் வீடு ரொறன்ரோவில் இருக்குமோ தெரியாது. சொல்கிறவருக்கு அறுபது வயசு என்று நினைக்காதையுங்கோ. முப்பத்தாறு இருக்கும். சிலவேளை முப்பத்தொன்று. கையில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி, அன்றைக்கு இரவு வேலைக்குப் போகவேணும், ஆள் பார்க்க இளந்தாரி. ஆனால் வயசு போட்டுதாம்.

அவரை நக்கலடிக்கிறதுக்கு இதை எழுதவில்லை. இந்த வசனம் ஒரு காலத்தில், ஒரு நாட்டில் முழு உண்மையாக இருந்தது. அந்த நாட்டை விட்டு வந்த பிறகும் சூட்கேசுக்குள் மடிச்சு வைச்ச சேட்டு மாதிரி கூடவே வந்திட்டுது, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் இன்னொரு வசனமும் இருக்கு: "பிள்ளையளுக்காகத்தானே வந்தனாங்கள்." எனக்கு உண்மையான கோபம் இந்த இரண்டாவதோடதான். அதுக்குப் பிறகு வாறன்.

முதலாவது எங்கையிருந்து வந்தது எண்டு பாருங்கோ. இலங்கையில் ஏ.எல். சோதனை எடுத்துப் பல்கலைக்கழகம் போகலாம். மூன்று தரம் எடுக்கலாம். மூன்றும் தவறினால் அரச பல்கலைக்கழகத்தின் முன்வாசல் மூடினதுதான். எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து எங்கட ஆக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு மாவட்டக் கணக்கு. இப்பவும் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பத்தொன்பது, இருபது வயசில் ஒருத்தரின்ர தலையெழுத்தை ஒரு பெறுபேற்றுத் தாள் எழுதிவிடும். கொஞ்சப் புள்ளியால் மருத்துவபீடம் தவறினவர் ஊரில் சாகும்வரை "கொஞ்சத்தால தவறினவர்"தான். வெளிவாரிப் பட்டம் இருந்தது, 1980இல் இருந்து திறந்த பல்கலைக்கழகமும் இருந்தது. ஆனால் சனம் அதை எல்லாம் ஒரு படி கீழேதான் வைச்சுப் பார்த்தது. "உள்ளுக்கை எடுபட்டவரோ?" என்பதுதான் கேள்வி.

இதில் சண்டை வேறு. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பிப் போனபோது ஏ.எல். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை யோசியுங்கோ. புத்தகம் ஒரு இடம், மாஸ்ரர் ஒரு இடம், பள்ளிக்கூடம் அகதி முகாம். அவர்களில் கனபேர் சோதனையில் தோற்றவர்கள் இல்லை, சோதனையே அவர்களை விட்டிட்டுப் போனது. பிறகு கொழும்பு, பிறகு ஏஜென்சி, பிறகு ஸ்காபரோவில் ஒரு ஃபக்ரறி. நடுவில் அறுந்த படிப்பை ஒருத்தரும் "அறுந்தது" என்று சொல்வதில்லை. "முடிஞ்சது" என்றுதான் சொல்கிறார்கள்.

இனி இந்தப் பக்கம். ஏஜாக்ஸ் உங்களுக்குத் தெரியும்தானே? ஸ்காபரோவில் வீடு விலை ஏற ஏற எங்கட சனம் கிழக்கே போய் வீடு வாங்கின இடம். அந்த ஊரே இரண்டாம் உலகப் போருக்குக் குண்டு செய்வதற்காக உருவான ஊர். அங்கே ஒரு பெரிய ஷெல் நிரப்பும் தொழிற்சாலை இருந்தது. போர் முடிந்து இராணுவத்தினர் திரும்பி வந்தபோது, படிக்க விரும்பினவர்களுக்குக் கனடா அரசு கட்டணமும் கட்டி, சீவிக்கக் காசும் கொடுத்தது. நாடு முழுக்க 50,000 பேருக்கு மேல் அப்படிப் பல்கலைக்கழகம் போனார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வந்தவர்களுக்கு நகரத்தில் இடம் காணாமல், 1946இல் இருந்து 1949வரை ஏஜாக்ஸ் ஷெல் தொழிற்சாலைக் கட்டடங்களிலேயே வகுப்பு வைத்தார்கள். தொழிலாளர்கள் படுத்த விடுதிதான் மாணவர் விடுதி. படிக்க வந்ததில் கலியாணம் முடித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஐந்தாறு வருசம் புத்தகத்தையே தொடாதவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் ஷெல் செய்த ஊரில் இருந்துகொண்டு "இந்த வயசில் படிப்போ" என்கிறோம்!

பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யோர்க் பல்கலைக்கழகம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே அற்கின்சன் என்று ஒரு கொலிஜை, பகலில் வேலை செய்கிறவர்கள் இரவில் வந்து பட்டம் படிக்கவென்றே தொடங்கியது. (2009இல் அதை இன்னொரு பீடத்தோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் போனது, இரவு வகுப்பு போகவில்லை.) ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வூட்ஸ்வேர்த் கொலிஜ் 1974இல் தொடங்கியது, அதுவும் முதலில் பகுதிநேர மாணவர்களுக்காகத்தான். அங்கே 'அக்கடமிக் பிரிட்ஜிங்' என்று ஒரு படிப்பு இருக்கு. பள்ளிக்கூடப் பெறுபேறு சரியில்லாதவர்கள், பள்ளிக்கூடத்தை முடிக்காமலே விட்டவர்கள் அதில் சேர்ந்து, நல்ல புள்ளி எடுத்தால் பட்டப்படிப்புக்குள் போகலாம். பல பல்கலைக்கழகங்களில் 20, 21 வயசைத் தாண்டினவர்களுக்கு 'மச்சுவர் ஸ்ருடன்ற்' என்று தனி வாசல். அல்பேர்ட்டாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தில் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் படிக்கலாம். இங்கே வயசுக்குக் கீழெல்லை இருக்கிறது, மேலெல்லை இல்லை. ஓசாப் கடனுக்கும் அப்படித்தான், ஐம்பது வயசிலும் விண்ணப்பிக்கலாம்.

ஆக முதலாவது வசனம் இங்கே செல்லாக்காசு. இரண்டாவதுக்கு வருவம்.

"பிள்ளையளுக்காகத்தானே வந்தனாங்கள், அவை படிக்கட்டும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. தியாகம். ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு நாங்கள் காசை எங்கே போடுகிறோம் என்று பார்த்தால் விளங்கும். பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடக்கும்போதே ஆர்.ஈ.எஸ்.பி. முகவர் வீட்டுக்கு வந்து நிற்பார். அவர் எங்கட ஆள்தான், சொந்தக்காரராகவும் இருப்பார். வருசம் 2,500 டொலர் போட்டால் அரசு 500 தரும், மொத்தமாகப் பிள்ளைக்கு 7,200 வரை. நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை, போடுங்கோ. ஆனால் அதே வரிச் சட்டத்துக்குள் பெற்றோருக்கென்று இருக்கிற இரண்டு விசயத்தை எங்கட முகவர் ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. (கொமிஷன் இல்லாததுகளைச் சொல்ல அவருக்கு என்ன விசரே.)

ஒன்று 'லைஃப்லோங் லேர்ணிங் பிளான்'. உங்கட ஆர்.ஆர்.எஸ்.பி. ஓய்வுச் சேமிப்பில் இருந்து வருசத்துக்கு 10,000, மொத்தம் 20,000 டொலர் வரை, வரி கட்டாமல் எடுத்து முழுநேரப் படிப்புக்குப் பாவிக்கலாம். பிறகு பத்து வருசத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடவேணும். இதில் எனக்குப் பிடித்த விதி என்னவென்றால், உங்களுக்கு எடுக்கலாம், மனிசிக்கு எடுக்கலாம், மனுசனுக்கு எடுக்கலாம், பிள்ளைக்கு எடுக்கேலாது! சட்டம் எழுதினவர் எங்கட சனத்தைக் கண்டிருப்பாரோ என்று நான் நினைப்பதுண்டு. மற்றது கனடா பயிற்சி வரிச்சலுகை. 26 வயசுக்கும் 65க்கும் இடையில் இருந்து, வேலை செய்து, வரி அறிக்கையும் ஒழுங்காகக் கொடுத்து வந்தால், 2019இல் இருந்து வருசத்துக்கு 250 டொலர் உங்கட பெயரில் ஏறிக்கொண்டே வருது, 5,000 வரை. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கும் மிகக் கூடினவர்களுக்கும் இல்லை. எங்கேயாவது படிக்கக் கட்டணம் கட்டினால் அதில் பாதி வரை இந்தக் கணக்கில் இருந்து கழிக்கலாம். வருசாவருசம் வருமான வரிக் கந்தோர் அனுப்புற கடுதாசியில் அந்தத் தொகை இருக்கும். நாங்கள் ரீஃபண்ட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மடிச்சு வைக்கிற கடுதாசிதான்.

கலைப்பட்டம் ஒன்றை முழுநேரமாகப் படிக்க ஒன்ராறியோவில் வருசக் கட்டணம் 6,000 டொலருக்குக் கொஞ்சம் மேலே வரும். 2019இல் அரசு 10 வீதம் குறைத்தது. புத்தகம், போக்குவரத்து, மற்றக் கட்டணங்களும் சேரும்தான். சாமத்தியவீட்டுக்கு ஹோல், மண்டப அலங்காரம், ஹெலிகொப்ரர், வீடியோ என்று ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் போற காசை யோசித்துப்பாருங்கோ. அம்மா பட்டம் முடிக்கலாம், மிச்சக் காசில் அப்பாவுக்கும் ஒரு கோர்ஸ் எடுக்கலாம்.

காசை விடுவம். அந்த வசனத்துக்கு இன்னொரு விலையும் இருக்கு, அதைப் பிள்ளைகள்தான் கட்டுகினம். இரண்டு வேலை செய்கிற தகப்பன், நித்திரை இல்லாத தாய், "உனக்காகத்தான் இவ்வளவும்" என்று சாப்பாட்டு மேசையில் நாளாந்தம் ஓதப்படுகிற பல்லவி. அந்தப் பிள்ளைக்குக் கணிதம் பிடிக்காவிட்டால்? படம் எடுக்க ஆசைப்பட்டால்? முதலாம் வருசத்தில் ஒரு பாடம் ஃபெயிலானால்? அது ஒரு பாடம் மட்டும் இல்லை, அப்பாவின்ர இருபது வருச முதுகுநோவும் சேர்ந்தெல்லோ ஃபெயிலாகுது. தாய் தகப்பனின் அறுந்த படிப்பைப் பிள்ளை முடித்துக் குடுக்கவேணும் என்று எதிர்பார்ப்பதை நான் தியாகம் என்று சொல்லமாட்டன். கடன் எண்டுதான் சொல்லுவன், அதுவும் பிள்ளை கையெழுத்து வைக்காத கடன்.

பெண்களின் கதை இன்னும் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்து ஊரில் பதினொரு வருசம் படிப்பித்தவ. இங்கே வந்து பார்த்தால், ஒன்ராறியோவில் ஆசிரியராக முதலில் ஒரு பட்டம் வேணும், அதுக்கு மேல் ஆசிரியப் பயிற்சி. 2015இல் இருந்து அந்தப் பயிற்சியும் நாலு செமஸ்ரர். கலாசாலைச் சான்றிதழைப் பட்டமாக எடுக்கமாட்டார்கள். அதாவது ஐந்து, ஆறு வருசம். அவ ஏழு வருசம் ஒரு வெதுப்பகத்தில் பாண் பெட்டி அடுக்கினா. 2010இல் ஒன்ராறியோவில் பாலர் வகுப்பு முழுநாளாக மாறத் தொடங்கியபோது, ஆசிரியரோடு கூட ஒரு ஈ.சி.ஈ., அதாவது முன்பள்ளிக் கல்வியாளரும் வகுப்பில் இருக்கவேணும் என்று வந்தது. அது இரண்டு வருச கொலிஜ் டிப்ளோமா. அக்கா அதைப் படித்தா. இப்ப பாலர் வகுப்பில் நிற்கிறா. ஆசிரியர் சம்பளம் இல்லை, அதில் பாதிதான் என்று அவவே சொல்லுவா, சொல்லும்போது குரலும் கொஞ்சம் மாறும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் படிக்கும்போது அவவுக்குக் கஷ்டமாக இருந்தது ஆங்கிலமோ அசைன்மென்றோ இல்லை. "பின்னேரம் ஆர் சமைக்கிறது?" என்ற கேள்விதான். மாமியார் கேட்டா, மனுசன் கேட்டார், ஊரில் இருந்து ரெலிபோனில் தாயும் கேட்டா. ஆம்பிளை படிக்கப் போனால் "குடும்பத்துக்காகப் படிக்கிறார்", பொம்பிளை படிக்கப் போனால் "குடும்பத்தை விட்டிட்டுப் படிக்கிறா". இதுக்கு ஓசாப்பும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை.

ஆம்பிளையளுக்கு வேறு வருத்தம். பத்தொன்பது வயசுப் பெடியனுக்குப் பக்கத்தில் இருந்து குறூப் வேலை செய்யவேணும். "அங்கிள்" என்று கூப்பிட்டால் மனம் நோகும், கூப்பிடாமல் பெயர் சொன்னாலும் நோகும்.

இனி ஒரு விசயத்தைப் பிரித்துச் சொல்லவேணும், எங்கட ஆக்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகினம். ஊரில் செய்த வேலையை இங்கே திரும்ப எடுக்கப் படிப்பது ஒன்று. முற்றிலும் வேறு வேலைக்குப் போகப் படிப்பது வேறொன்று. முதலாவதுக்கு எடுத்தவுடனே பல்கலைக்கழகத்துக்கு ஓடவேண்டாம். முதலில் பட்டத்தை மதிப்பீடு செய்விக்கவேணும். பிறகு அந்தத் தொழிலுக்கு அனுமதி குடுக்கிற அமைப்பிடம், எனக்கு என்ன குறை என்று எழுத்தில் கேட்கவேணும். 2006இல் ஒன்ராறியோ இதற்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தது, அனுமதி நடைமுறை வெளிப்படையாகவும் நியாயமாகவும் இருக்கவேணும் என்று. 'கனடா அனுபவம்' என்ற பூதத்தையும் இப்ப கொஞ்சம் கொஞ்சமாக விரட்டுகிறார்கள். பொறியியலாளர் அமைப்பு 2023 மே மாதத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அதுக்கு முதல் இருபது வருசம் ரக்சி ஓடின எஞ்சினியர்மாருக்கு இது எந்த மூலைக்குக் காணும் என்று கேட்டால், காணாதுதான். ஆனால் இன்றைக்கு வந்து இறங்குகிறவர் பழைய ஆக்களின் பேச்சைக் கேட்டு, குறை இரண்டு பாடம் மட்டும் என்று இருக்க நாலு வருசப் பட்டத்தை முதலில் இருந்து தொடங்கினால் அது அநியாயம்.

வேறு தொழிலுக்கு மாறுகிறவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. சம்பளம் கூடவேணும், அவ்வளவுதான் என்றால் நாலு வருசப் பட்டம் அதற்கு வளைந்த வழி. மின்வேலை, குழாய்வேலை மாதிரித் தொழில்களைச் சம்பளம் எடுத்துக்கொண்டே பழகலாம். எங்கட சனம் அதைக் "கைவேலை" என்று முகத்தைச் சுளிக்கும், பிறகு வீட்டில் பைப் உடைந்தால் மணித்தியாலத்துக்கு அவன் கேட்கிற காசைக் குடுக்கும். வேலையால் நிற்பாட்டப்பட்டவர்களுக்கு 2008இல் 'செக்கன்ட் கரியர்' என்று ஒன்ராறியோ தொடங்கின திட்டம் இப்ப வேறு பெயரில் இருக்கு, குறுகிய தொழிற்படிப்புகளுக்குக் காசு தரும். பத்திரிகையிலும் வானொலியிலும் விளம்பரம் போடுகிற தனியார் கல்லூரிகளில் மட்டும் கவனம். அவர்கள் தருகிற டிப்ளோமாவை அந்தத் தொழில் அமைப்பு ஏற்குமோ என்று அமைப்பிடமே கேளுங்கோ, கல்லூரி வரவேற்பறையில் இருக்கிற எங்கட தங்கச்சியிடம் கேட்கவேண்டாம். அவ நல்ல பிள்ளைதான், ஆனால் அவவுக்கு ஆள் சேர்த்தால்தான் வேலை.

"கணக்குப் பார்த்தால் லாபம் இல்லையே" என்று ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தார். நாற்பத்தைந்தில் தொடங்கி, பகுதிநேரமாக எட்டு வருசம் படித்து, ஐம்பத்துமூன்றில் முடித்து, அறுபத்தைந்தில் ஓய்வு. பன்னிரண்டு வருசச் சம்பள உயர்வு செலவை மூடுமோ? நியாயமான கேள்வி. சிலருக்கு மூடாது. முக்கியமாக முழுநேர வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் இழந்த சம்பளம் கட்டணத்தை விடப் பெரிசு. ஓசாப்பும் மனிசி மனுசன் இரண்டு பேரின்ர வருமானத்தையும் பார்க்கும், அரசு மாற விதியும் மாறும். 2017இல் தாராளமாகக் குடுத்தார்கள், 2019இல் இறுக்கினார்கள். மத்திய அரசின் பங்குக் கடனுக்கு 2023 ஏப்ரிலில் இருந்து வட்டி இல்லை, மாகாணத்தின் பங்குக்கு இருக்கு. இதெல்லாம் பார்த்துத்தான் இறங்கவேணும். ஆனால் அந்த நண்பர் மாதாமாதம் கட்டுகிற வாகனக் காசுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவரோ என்று கேட்டன். ஆள் கதையை மாத்திப்போட்டார்.

வகுப்புக்குள் போனால் என்ன நடக்கும் என்றும் சொல்லவேணும். எங்கட படிப்பு ரியூசன் கொட்டில் நோட்ஸ் படிப்பு. மாஸ்ரர் சொன்னதை வரி பிசகாமல் எழுதினால் புள்ளி. இங்கே வரி பிசகாமல் எழுதினால் களவு என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள்! எங்கை இருந்து எடுத்தனீர் என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்லவேணும், அதுக்கு மேல் "நீர் என்ன நினைக்கிறீர்" என்றும் எழுதவேணும். முதல் கட்டுரையில் கனபேர் தடக்குப்படுகிற இடம் இதுதான். இலக்கணப் பிழையைத் திருத்த பல்கலைக்கழகத்திலேயே எழுத்து நிலையம் இருக்கு, இலவசம். நினைக்கிறதைச் சொல்லப் பழகத்தான் நாள் எடுக்கும். ஆனால் ஒன்று, தொழிலாளர் சட்டம் பற்றின வகுப்பில் ஓவர்ரைம் என்றால் என்ன என்று பத்தொன்பது வயசுப் பிள்ளை புத்தகத்தில்தான் படிக்கவேணும். பின்வாங்கில் இருக்கிற எங்கட அண்ணை பதினைந்து வருசம் அதைச் செய்து, பாதி நேரம் காசு கிடைக்காமலும் இருந்தவர். அவர் கை உயர்த்தினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

சான்றிதழ் இல்லை, இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் பழைய பெறுபேறுகளைத் திரும்ப உறுதிப்படுத்தித் தரும், இப்ப இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். சோதனை எடுத்த வருசமும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை சுகம். இதை ஒரு கலியாணவீட்டில் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் தலை நிமிராமலே தன்ர சுட்டெண்ணை ஏழு இலக்கமும் தடக்காமல் சொன்னார்.